மல்லாரியிலிருந்து ரசிகப்பிரியா வரை: எஸ். ராஜம் பாடிய கோடீஸ்வர ஐயர் பதிவுகள்

முருகன் மேல் தமிழில் 72 கிருதிகள், ஏழு சுரமும் முழுதாக உள்ள தாய் ராகங்களான மேளகர்த்தா ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ‘கந்த கானாமுதம்’ என்று பெயரிட்டு கோடீஸ்வர ஐயர் விட்டுச்சென்ற இந்தச் சொத்தில் கச்சேரி மேடைக்கு வருவது கொஞ்சம்தான். ரசிகப்பிரியாவில் ‘அருள் செய்ய வேண்டும்’, ஜோதிஸ்வரூபிணியில் ‘கானாமுத பானம்’, நீதிமதியில் ‘மோகனகர முத்துக்குமரா’. இதற்கு மேல் இன்னும் நாலைந்து சொல்லுங்கள் என்றால் நல்ல ரசிகர்களே யோசிப்பார்கள். மீதியைக் கேட்க நமக்கு வாய்த்த பெரிய வழி எஸ். ராஜம் பாடி வைத்த பதிவுகள். அவற்றின் அருமை என்ன, குறை எங்கே, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பென்டிரைவில் கைமாறும் பிரதிகளை வாங்கினால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரை.

கோடீஸ்வர ஐயர் கவிகுஞ்சர பாரதியின் பேரன். தாத்தாவை நினைத்தே ‘கவிகுஞ்சரதாசன்’ என்ற முத்திரையை வைத்துக்கொண்டார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும் பூச்சி சீனிவாச ஐயங்காரிடமும் பாடம். ராஜம் (1919–2010) பாபநாசம் சிவனின் சீடர், வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன், சென்னை வானொலியில் பணியாற்றியவர். பூஜை அறையிலும் பாட்டு வகுப்பிலும் நாம் பார்க்கும் சங்கீத மும்மூர்த்திகள் படம் அவர் தூரிகையில் வந்தது. ஓவியக்காரர் என்பதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பதிவுகளில் அவர் ராகத்தை வரைவதும் அப்படித்தான்: கோடு மெல்லியது, இடம் பிசகாதது.

72 மேளங்களையும் ஒரே மூச்சில் கேட்க இன்னொரு படைப்பும் உண்டு, மகா வைத்தியநாத ஐயரின் மேளராகமாலிகை. அது மகத்தான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒரு ராகத்துக்குக் கிடைப்பது சில வரிகள். காதில் ராகம் உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடும். கோடீஸ்வர ஐயரோ ஒவ்வொன்றுக்கும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தனி வீடே கட்டிக் கொடுத்தார். ராகத்தின் பெயரையும் சாகித்யத்துக்குள்ளேயே பொதிந்து வைத்தார். இந்தப் பெயர்ப் பொதிவு கேட்பவருக்கு எவ்வளவு உதவும் என்பது பிரதிகளைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

இவை ஏன் மேடைக்கு வருவதில்லை? 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள், அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சுரச் சேர்க்கை உள்ளவை. கணக்கு எளிது. சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரம், அல்லது ஷட்ஸ்ருதி ரிஷபத்தோடு அந்தர காந்தாரம் வந்தால் அந்தச் சக்கரம் (மேளங்களை ஆறாறாகப் பிரித்த தொகுதி) முழுக்க விவாதி. இந்து, ருது, ரிஷி, ஆதித்ய ஆகிய 4 சக்கரங்கள், சக்கரத்துக்கு 6 என 24. மற்ற 8 சக்கரங்களில் முதல் மேளத்தில் தைவதமும் நிஷாதமும் சுத்தமாக வந்து நெருக்கும். ஆறாவதில் ஷட்ஸ்ருதி தைவதம் காகலி நிஷாதத்தை ஒட்டி நிற்கும். சக்கரத்துக்கு 2 என 16. ஆக 40. இவற்றைப் பாடினால் தோஷம் என்று ஒரு நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. வராளியைச் சீடனுக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் ஆகாது என்பார்கள். ஆனால் தியாகராஜரின் பஞ்சரத்தினங்களில் நாட்டை ஒன்று, வராளி ஒன்று. இரண்டிலும் விவாதி சுரம் இருக்கிறது. ஐந்தில் இரண்டை ஆண்டுதோறும் கூட்டமாக உட்கார்ந்து பாடுகிறோம். மற்றவற்றைக் கண்டால் மட்டும் ஒதுங்குகிறோம்.

உண்மையான சிக்கல் குரலில் இருக்கிறது. ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும், அதுவும் பென்னாகரம் பக்கத்துக் கூத்து மேடை ஹார்மோனியம் இருந்தாலே போதும். வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக் கட்டைகளுக்கு அரை என்று கணக்கு; 1-ஐ ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ரசிகப்பிரியாவின் சுரங்கள் 1, 2½, 3, 4½, 5, 6½, 7, மேல் 1 என்று வரும். சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு 1½, 2 ஆகிய இரண்டு கட்டைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்த கையோடு காந்தாரம் ஒட்டினாற்போல் நிற்கிறது. மேல் பாதியிலும் அதே கதை: பஞ்சமத்திலிருந்து ஒரு தாவல், பிறகு தைவதம், நிஷாதம், மேல் சட்ஜம் மூன்றும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். இந்த நெரிசலில் தைவதத்தைக் கொஞ்சம் அசைத்தால் நிஷாதத்தில் மோதும். அசைக்காமல் கட்டையாகப் பிடித்தால் ஹார்மோனியத்தில் சுரவரிசை வாசித்ததுபோல் ஆகிவிடும். முதல் தவறில் ராகம் கலங்கும், இரண்டாவதில் செத்துப்போகும். பெரும்பாலான விவாதிப் பாட்டு இந்த இரண்டில் ஒன்றில்தான் விழுகிறது.

ராஜம் இரண்டிலும் விழவில்லை. ‘அருள் செய்ய வேண்டும்’ கிருதியை அவர் எடுத்துக்கொண்டு போவதை ஒருமுறை இதற்காகவே கேளுங்கள். ரிஷபத்தைக் காந்தாரத்தின் நிழலிலிருந்து தொட்டு எடுக்கிறார். தனியாக நிறுத்தி ‘இதோ பார் ஷட்ஸ்ருதி’ என்று காட்டுவதில்லை. நிற்க வேண்டிய இடம் காந்தாரமும் பஞ்சமமும். தைவதம் நிஷாதத்துக்கு ஏறும் படி மட்டுமே, அங்கே குடியிருப்பு இல்லை. குரல் மெலிது என்பதால் இது கைகூடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கனத்த குரல், பெரிய அசைவு உள்ளவர்கள் இதே இடத்தில் முட்டிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். இன்னொன்று, சொல். தமிழ்ச் சாகித்யத்தைப் பிய்க்காமல், பொருள் முடியும் இடத்தில் மூச்சை விடுகிறார். அரிய ராகம் என்பதற்காக வார்த்தையை மென்று விழுங்குவது இவரிடம் இல்லை. முருகனைக் கூப்பிடும் பாட்டு முருகனைக் கூப்பிடுவதாகவே கேட்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தாரஸ்தாயியில் குரலுக்கு வலு போதாது. உச்சத்தில் காது கூடுதலாக எதிர்பார்க்கும். விரிந்த ராக ஆலாபனை, நிரவல், கோர்வை வைத்த கல்பனாஸ்வரம் என்று கச்சேரி விருந்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இவை கிருதியை அதன் வடிவத்தில் காப்பாற்றி வைக்கப் பாடியவை. அந்தக் கண்ணோடு பார்த்தால் சுருக்கம் குறையாகத் தெரியாது. ஒரு ராகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க 10 நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுதான் வசதி.

கேட்கும் வரிசை முக்கியம். 1-லிருந்து தொடங்கி 72 வரை போகலாம் என்று உட்கார்ந்தால் மூன்றாவது பாட்டிலேயே மனம் விலகிவிடும். ஏனென்றால் தொடக்கத்திலேயே இருக்கும் கனகாங்கிதான் உள்ளதிலேயே கடினம். 1, 1½, 2, பிறகு எட்டத் தாவி 4, 5, 5½, 6, மறுபடி தாவி மேல் 1. நெருக்கமும் தாவலும் மாறி மாறி வரும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

நம் ஊர்க் காதுக்கு வேறு வாசல் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் நாகசுரம் மல்லாரி எடுப்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் இங்கே அதிகம். அது கம்பீர நாட்டை: சட்ஜம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், நிஷாதம் என்று ஐந்தே சுரம், ரிஷபமும் தைவதமும் கிடையாது. அங்கிருந்து நாட்டைக்குப் போங்கள். அதே எலும்புக்கூட்டில் ஷட்ஸ்ருதி ரிஷபமும் ஏறும்போது ஷட்ஸ்ருதி தைவதமும் சேரும். இறங்கும்போது தைவதமும் காந்தாரமும் பொதுவாக விடுபடும். அடுத்து 36-ஆவது மேளமான சலநாட்டை. விடுபட்டதெல்லாம் திரும்ப வந்து ஏழு சுரமும் ஏறியும் இறங்கியும் முழுதாக நிற்கும். அதில் சுத்த மத்யமத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பிரதி மத்யமத்தை வையுங்கள். 36-உடன் 36 கூட்ட 72, ரசிகப்பிரியா. நான்கு படி. ஒவ்வொரு படியிலும் ஒன்றோ இரண்டோ சுரம்தான் புதிது. நாலு நாள், நாளுக்கு ஒரு ராகம் என்று கேட்டால் ரசிகப்பிரியா அந்நியமாகவே இராது. குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடிக்கும் தைப்பூசத் தேர்நாளை ஒட்டி இந்த நாலையும் கேட்டு முடித்தால் பொருத்தமாகவும் இருக்கும், பாட்டுடைத் தலைவன் அவனேதானே.

அடுத்த வாசல் வராளி, அதிலிருந்து 39-ஆவது ஜாலவராளி. அப்புறம் நீதிமதி (60), அதன் சுத்த மத்யம ஜோடியான வருணப்பிரியா (24). நீதிமதியில் கீழ்ப்பாதி சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம் என்று பழகிய வழியிலேயே போகும். மேல்பாதியில் மட்டும்தான் நெரிசல். ஜோதிஸ்வரூபிணிக்கு நேர்மாறு: கீழே நெரிசல், மேலே சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் தாராளமாக இடம் கொடுக்கும். இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் விவாதி எந்தப் பாதியில் உட்கார்ந்திருக்கிறது என்று காதே சொல்லப் பழகிவிடும். விவாதி அல்லாத 32 மேளங்களைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. தோடி, கல்யாணி, சங்கராபரணம் கேட்டவர்களுக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை.

இனி பிரதிகள். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து செல்போனுக்கு என்று நாலைந்து கை மாறி வருவதால் நல்ல பதிவும் கெட்ட பெயர் வாங்குகிறது.

முதல் கோளாறு பெயர். ‘மோகனகர முத்துக்குமரா’ என்ற தொடக்கத்தைப் பார்த்து ராகம் மோகனம் என்று எழுதிவிடுவது எளிது. சரிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சாகித்யத்தில் பொதிந்த ராகப் பெயருக்காகக் காத்திருந்து கேட்பது. மற்றொன்று கடபயாதி, அதாவது ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டு மேள எண்ணைக் காணும் முறை. ரசிகப்பிரியா என்றால் ர 2, ஸ 7. திருப்பிப் போட்டால் 72. நீதிமதி: ந 0, த 6, திருப்பினால் 60. கோப்பில் எழுதிய எண்ணும் இதுவும் பொருந்தாவிட்டால் ஒன்று தப்பு. தமிழ் எழுத்தில் ச, ஸ குழப்பம் வரும், கவனம். சலநாட்டையின் ‘ச’வுக்கு 6, ரசிகப்பிரியாவின் ‘ஸ’வுக்கு 7.

இரண்டாவது கோளாறு வேகம், இதுதான் ஆபத்தானது. கேசட் ஓட வேண்டியது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பெல்ட் தளர்ந்த டெக்கில் பதிந்தாலோ, மோட்டார் தேய்ந்த டெக்கில் ஓட்டினாலோ இது மாறும். வேகம் 4 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். பாடகரின் குரல் கீச்சென்று மாறுவதோடு, கமகம் என்னும் சுர அசைவும் படபடவென்று ஓடும். கேட்பவர் ‘இவர் அவசரமாகப் பாடுகிறார்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார். அது பாடகர் செய்த பிழை இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழியை விளக்கமாகவே சொல்கிறேன், பலருக்கு உதவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்துப் பதிவுக் கருவிகளில் மின் இரைச்சல் மெல்லிசாகக் கலந்து நாடாவிலும் ஏறியிருக்கும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டு தொடங்குவதற்கு முன் தம்புரா கூட இல்லாத அமைதியான சில வினாடிகளைத் தேர்ந்து, அதன் அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள். 50-இல் ஒரு கூர்முனை தெரிந்தால் நல்லது. அது 52-இல் நின்றால் பதிவு 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகத்தை 3.85 சதவீதம் குறைக்க வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் கமகத்தின் படபடப்பு அப்படியே நிற்கும். 50-இல் ஒன்று, 52-இல் ஒன்று என்று இரண்டு முனை தெரிந்தால் குழம்ப வேண்டாம். 50-இல் இருப்பது கடைசியாகப் பிரதி எடுத்த டெக்கின் இரைச்சல், நகர்ந்து நிற்பது பழைய பதிவுடையது. நகர்ந்ததை நம்புங்கள்.

மூன்றாவது, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வது. நாடாவின் ‘உஸ்’ஸென்ற இரைச்சலைத் துடைத்தெறியும் ஆசையில் இரைச்சல் நீக்கியை முழுமூச்சில் போட்டுவிடுகிறார்கள். இரைச்சலோடு தம்புராவின் ஜீவா என்னும் ரீங்காரமும், நிஷாதம் தேய்ந்து சட்ஜத்தில் கரையும் வாலும் போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோன்ற குமிழி ஓசை. விவாதி ராகத்தில் இது பெரும் நஷ்டம், ஏனென்றால் அந்த நுணுக்கமான தொடுகையைக் கேட்கத்தான் இந்தப் பதிவையே எடுத்தோம். இரைச்சல் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும்.

பாட்டு ஒரு காதில் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு தடத்தை இரண்டுக்கும் ஒற்றி மோனோவாக்கிவிட்டால் சரியாகிவிடும். செல்போன் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். ஒரு கட்டை சட்ஜமே ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ்; அந்தச் சின்ன ஒலிபெருக்கி இவ்வளவு தாழ்ந்த ஓசையைச் சரியாகக் கொடுக்காது. தம்புராவின் கீழ் சட்ஜம் காதில் விழாவிட்டால் ரிஷபம் எவ்வளவு தூரம் தாவியது என்றும் தெரியாது. சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

இதே அக்கறையோடு கேட்கத் தகுந்த வேறு பதிவுகளில் டி. பிருந்தா, டி. முக்தா சகோதரிகளின் க்ஷேத்ரய்யா பதங்களை முதலில் சொல்வேன். வீணை தனம்மாளின் பேத்திகள். 17-ஆம் நூற்றாண்டுத் தெலுங்கு, நாயகி பேசும் பேச்சு, நத்தை வேகத்துக் காலப்பிரமாணம். நாதநாமக்கிரியையில் ‘பய்யெத பைமீத’ கேட்டால் போதும். சென்னை ரசிகர் பொருளை அச்சில் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டிய இந்தப் பாட்டு, ஓசூர், கிருஷ்ணகிரியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குச் சொல்லோடு சொல்லாக இறங்கும். அந்த வாய்ப்பை இங்கே பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம். பதத்துக்கு மட்டும் மேலே சொன்ன வேகச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். 4 சதவீதம் கூடினாலும் அந்த நிதானம் கெட்டுவிடும்.

சேலம் மாவட்டத்து ஆனையாம்பட்டி கணேசனின் ஜலதரங்கமும் நம் பக்கத்துச் சொத்து. கிண்ணத்தில் தண்ணீர் கூட்டினால் சுரம் இறங்கும், குறைத்தால் ஏறும். குச்சியால் தட்டி எழுப்பும் ஓசையில் கமகம் காட்டுவது எவ்வளவு பாடு என்று யோசித்துக்கொண்டே கேட்க வேண்டிய வாத்தியம் அது.

திரும்ப ராஜத்துக்கே வருவோம். சொந்தமாகக் கேசட் வைத்திருப்பவர்கள் அது நமுத்துப் போவதற்குள் மாற்றிவிடுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கிடக்கும் நாடா பிரியும். டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். ஓசை மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் தலையின் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். தம்புரா எங்கே அதிகப் பளபளப்போடு கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சேமிப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. ஆகும், மோனோவில் பாதி. செல்போனுக்கு எம்பி3 வேண்டுமென்றால் மூலத்தை வைத்துக்கொண்டு தனியாக எடுங்கள், 128 கே.பி.பி.எஸ்.-க்குக் கீழே போகாதீர்கள்.

கோப்புப் பெயரில் மேள எண்ணை முதலில் வையுங்கள், 01, 02 என்று இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். வெறும் 1 என்று எழுதினால், எழுத்து வரிசையில் அடுக்கும் கருவிகளில் கனகாங்கி முடிந்ததும் ரத்னாங்கிக்குப் பதிலாக 10-ஆவது மேளமான நாடகப்பிரியா ஒலிக்கும்.